நீல ரிக் விழுந்தும் பதில் இல்லையா?

கேள்வி: எனக்கு 66 வயது. இணுவிலில் தனியே இருக்கிறேன், மகன் ரொறன்ரோவில். இரவு படுக்கமுன் வட்ஸ்அப்பில் மெசேஜ் போடுவேன். இரண்டு ரிக்கும் நீலமாகிவிடும், பதில் வராது. அவன் கடைசியாக வட்ஸ்அப்பில் இருந்த நேரத்தைக் காட்டும் 'லாஸ்ற் சீன்' பார்ப்பதும் போனை வைப்பதுமாகவே விடிந்துவிடுகிறது. கேட்டால் "வேலையம்மா" என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த நீல ரிக் சொல்வது ஒன்றைத்தான். மகனின் போனில் உங்கள் மெசேஜ் திறக்கப்பட்டிருக்கிறது. அவர் ஆறுதலாக வாசித்தாரா, பஸ்ஸுக்கு ஓடும்போது விரல் பட்டுத் திறந்ததா, சுகமாக இருக்கிறாரா, எதுவும் அதில் இல்லை. நீங்கள் இரவு 9 மணிக்கு அனுப்பும்போது ரொறன்ரோவில் குளிர்காலமென்றால் காலை 10.30, கோடையென்றால் 11.30. வேலை நேரம்.

வட்ஸ்அப் இந்த நீல நிறத்தைக் கொண்டுவந்தது 2014 நவம்பரில்தான். அதற்கு முன்பும் பிள்ளைகள் பதில் போடப் பிந்தினார்கள். ஆனால் "பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறான்" என்று நினைக்க இடம் இருக்கவில்லை. செயலி பாதித் தகவலைத் தருகிறது, மீதியை மனம் பயத்தால் நிரப்பிக்கொள்கிறது. 'லாஸ்ற் சீன்' பார்த்தால் சில தடவை நிம்மதி கிடைக்கும், சில தடவை கிடைக்காது. எப்போது கிடைக்கும் என்று தெரியாததால்தான் கை திரும்பத் திரும்பப் போனுக்குப் போகிறது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. போரால் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளியேறிய 1995 இடம்பெயர்வைக் கண்ட தலைமுறை நீங்கள். அன்று பிள்ளையிடமிருந்து தகவல் இல்லையென்றால் பயப்பட உண்மையான காரணம் இருந்தது. அந்தப் பயம் உடம்பில் ஊறியது, அதைப் பலவீனம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆனால் போன் அதை ஒவ்வொரு இரவும் கிளற வேண்டியதில்லை.

வட்ஸ்அப் செற்றிங்ஸில் பிரைவசிக்குப் போய் 'ரீட் ரிசீப்ற்ஸை' நிறுத்துங்கள். உங்களுடையதை நிறுத்தினால் மற்றவர்களுடைய நீல ரிக்கும் உங்களுக்குத் தெரியாது. 'லாஸ்ற் சீனுக்கு' 'நோபடி' என்று போட்டால் மகனின் நேரமும் மறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கேட்டால் செய்து தருவார். மகனின் மெசேஜுக்கு மட்டும் ஒரு தனிச் சத்தம் வையுங்கள், அவர் போட்டால் அதுவே சொல்லும். முதல் சில இரவுகளில் பதற்றம் கூடலாம். கூடினாலும் பழையபடி மாற்ற வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, "ஏன் பதில் போடவில்லை" என்று கேட்பதை விட்டு மகனிடம் ஒரு நேரம் கேளுங்கள். உங்களுக்குக் காலை 8 மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு 9.30 அல்லது 10.30. கிழமையில் சில நாள், ஐந்து நிமிடம் குரல் கேட்டால் போதும். அவசரமென்றால் மெசேஜ் இல்லை, கோல்தான் என்று இருவரும் பேசி வையுங்கள். அப்புறம் மெசேஜ் வராத இரவு, அங்கே ஒரு குறையும் இல்லாத இரவு.

நெஞ்சு படபடப்பு இருந்தால் முதலில் வைத்தியரிடம் பிரஷரையும் இதயத்தையும் பாருங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் நித்திரை வராவிட்டால் யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.