மூன்று பைசாவைத் துடைக்காதீர்கள்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மறைந்த தந்தையின் பீரோவில் 1974ஆம் ஆண்டு போட்ட ஐந்து நாணயங்கள் கிடைத்தனவாம்: 1, 2, 3, 5, 10 பைசா. எல்லாம் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கின்றன. உள்ளூரில் ஒருவர், "இது சும்மா பாலிஷ் போட்டது" என்று சொல்லிவிட்டார். மருமகனோ செல்போனில் பார்த்துவிட்டு லட்சக்கணக்கில் போகும் என்கிறார். மூன்று பைசாவில் வெள்ளையாக இரண்டு புள்ளிகள் வந்திருக்கின்றன, துடைக்கலாமா என்பது அவர் கேள்வி.

துடைக்காதீர்கள். இந்தக் கட்டுரையை இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, துணியை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

சரி, புழக்க நாணயத்துக்குப் போட்ட பாலிஷா, அல்லது கண்ணாடிபோல் பளபளக்கும்படி நாணயச்சாலையே சிறப்பாக அடிக்கிற 'ப்ரூஃப்' நாணயமா என்று முதலில் பார்ப்போம். ஆண்டு எண்ணுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிறிய டைமண்ட் குறி இருந்தால் அது பம்பாய் நாணயச்சாலை புழக்கத்துக்கு அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். குறியே இல்லாவிட்டால் கல்கத்தா. டைமண்டுக்குப் பதிலாக ஆங்கில 'பி' எழுத்து இருந்தால், அது பம்பாயில் சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்த ப்ரூஃப். 1969 முதல் இந்த 'பி' வழக்கத்தில் இருந்தது. ஊர்ப் பெயர் மும்பை ஆன பிறகு அது 'எம்' ஆனது. புழக்க நாணயத்தை எவ்வளவு தேய்த்தாலும் டைமண்ட் 'பி' ஆகாது. மூன்று பைசா இன்னொரு சாட்சி. புழக்கத்துக்கு அதை அடிப்பதை எழுபதுகளின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். சேகரிப்பாளர்களுக்கு விற்ற ப்ரூஃப் செட்டில் மட்டும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஆகவே 1974 போட்ட மூன்று பைசா பெட்டிக்கடை கல்லாவிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தக் குறி எல்லாக் காலத்துக்கும் உதவாது. 1950 ஆகஸ்ட் 15 அன்று வெளியான அணா வரிசையிலும் பம்பாய் ப்ரூஃப் செட் உண்டு: குதிரை போட்ட ஒரு பைசாவில் தொடங்கி ஒரு ரூபாய் வரை ஏழு நாணயங்கள். அதில் 'பி' எழுத்தைத் தேடிப் பயனில்லை; அடித்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ப்ரூஃப் என்றால் "நல்ல நிலையில் உள்ள நாணயம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது நிலையைக் குறிக்கும் சொல் அல்ல, செய்முறையைக் குறிக்கும் சொல். அச்சையும் மெருகேற்றுவார்கள், வெற்று வில்லையையும் மெருகேற்றுவார்கள், அப்புறம் கூடுதல் அழுத்தத்தில் ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஏறி உட்காரும். உங்கள் பத்து பைசாவில் முக்கோணத்துக்குள் ஒரு குடும்பம் இருக்கிறதா? குடும்பக் கட்டுப்பாட்டையும் 'அனைவருக்கும் உணவு' என்பதையும் சேர்த்து அந்த ஆண்டு போட்ட வடிவம் அது. அந்த உருவங்களின் ஓரம் தளத்தைத் தொடுகிற இடத்தை லென்ஸில் பாருங்கள். ப்ரூஃபில் அந்தக் கோடு பிளேடால் கீறியதுபோல் நிற்கும், விளிம்பும் செங்குத்தாக இருக்கும். பாலிஷ் போட்டதில் ஓரங்கள் சப்பிய மிட்டாய் மாதிரி மழுங்கியிருக்கும். விளக்கொளியில் சாய்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும்.

அந்தக் கீறலை நானே உண்டாக்கியிருக்கிறேன். பள்ளிக்கூட வயதில் ஒரு 1950 குதிரைப் பைசா கிடைத்தது. குத்துவிளக்குத் தேய்க்கிற புளியாலும் விபூதியாலும் அதைத் தேய்த்து, அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் வாங்க மாட்டார்கள்.

இனி வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். உங்கள் ஐந்து நாணயங்களும் அலுமினியம். மூன்று பைசா வெறும் ஒன்றேகால் கிராம்; ஊதினால் பறக்கிற சாமான். அலுமினியத்துக்கு ஈரமும் உப்பும் ஆகாது, நீங்கள் இருப்பதோ கடற்கரை ஊர். உப்புக் காற்று பட்ட இடத்தில் உலோகமே அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அது மேலே படிந்த அழுக்கு அல்ல, நாணயத்தின் தோலே போனது. துடைத்தால் பொடி போகும், கீழே குழி இருக்கும், சுற்றியுள்ள கண்ணாடித் தளமும் கீறிப் போகும். இரண்டு புள்ளியோடு விட்டால் அது புள்ளி விழுந்த ப்ரூஃப். துடைத்தால் அந்தப் பேரும் மிஞ்சாது.

புள்ளி பரவாமல் பார்த்துக்கொள்ளலாம். முதலில், இப்போது எதில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வளைந்து கொடுக்கிற, ஒரு மாதிரி பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பழைய பிவிசி உறை என்றால் உடனே வெளியே எடுங்கள். அதிலிருந்து கசிகிற பிசுக்கு நாணயத்தில் ஒட்டும். செம்பு கலந்த நாணயமென்றால் பச்சையாகவே படரும். அந்தப் பிசுக்கு இருந்தால் மட்டும், சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலர விடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். வெள்ளைப் புள்ளியை அசிட்டோன் ஒன்றும் செய்யாது.

பிறகு, நாணய அளவுக்கேற்ற கடினமான அக்ரிலிக் கூடு வாங்கி ஒவ்வொன்றாக வையுங்கள். சதுரம், அறுகோணம், அலைவிளிம்பு என்று உங்களிடம் இருப்பதற்கு வட்டக் கூடு சரியாகப் பொருந்தாது. உள்ளே ஆடினால் உரசும். அந்த வடிவங்களுக்கு பிவிசி இல்லாத விறைப்பான உறை மேல். எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மாற்ற மறந்துவிடுவோம். மழைக்காலத் தொடக்கத்தை அதற்குக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நாணயத்துக்கு மேல் குனிந்து பேசவும் வேண்டாம். எச்சில் துளி பட்ட இடம்தான் பின்னால் புள்ளியாகும்.

மருமகன் சொன்ன லட்சத்தை மறந்துவிடுங்கள். இந்த எழுபதுகளின் சில்லறை ப்ரூஃபுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு, ஆனால் வீடு கட்டுகிற மதிப்பு இல்லை. பழைய நாணயத்துக்குப் பெருந்தொகை தருகிறோம், முன்பணமாகக் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வங்கியில் கொடுத்துப் பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

விற்பதென்றால் ஐந்தையும் சேர்த்தே விற்கப் பாருங்கள். மூன்று பைசா ஒன்றை மட்டும் கொடுங்கள் என்று கேட்கிற வியாபாரி வருவார். கொடுத்துவிட்டால் மீதி நான்கைத் தள்ளுவது பெரும்பாடு. அதற்கு முன் அந்த பீரோவை இன்னொரு முறை தேடுங்கள். செட்டாக வாங்கியிருந்தால் 25, 50 பைசா, ஒரு ரூபாய் எல்லாம் அதே 'பி' எழுத்தோடு எங்கோ இருக்க வேண்டும், நாணயச்சாலை கொடுத்த பெட்டியும்கூட. பழைய ரசீதுகள் இருக்கும் கவரை உதறிப் பாருங்கள்.