பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்ச பிறகு: கேள்வி பதில்

பதில் சொல்பவர் மதுரையில் அறுவை சிகிச்சை வார்டில் பணிபுரியும் மூத்த செவிலியர். கேள்வி கேட்டவர்கள் அவரவர் ஊர், பகுதிப் பெயரால் குறிக்கப்பட்டுள்ளனர். வேறுவிதமாகச் சொல்லாத இடத்தில் எல்லாம், கல் வந்த பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்து) எடுத்துவிடும் ஆபரேஷனைப் பற்றிய பேச்சு.

செல்லூர்: சிஸ்டர், அம்மாவுக்கு நேத்துதான் ஆபரேஷன். வயித்தை விட வலது தோள்பட்டைதான் வலிக்குதுங்கிறாங்க. ஹார்ட் பிரச்சினையா இருக்குமோ?

ஆபரேஷன் செய்ய இடம் வேணும்னு வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏத்துவாங்க. முடிச்சதும் வெளியேத்தினாலும் கொஞ்சம் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) அடியில தங்கிடும். உதரவிதானத்தோட நரம்பும் தோள்பட்டை உணர்வும் கழுத்துல ஒரே இடத்துல சேருது. அதனாலதான் வலி தோள்ல தெரியுது. உட்கார்ந்தா கூடும், மல்லாக்கப் படுத்தா குறையும். 2, 3 நாள்ல உடம்பே வாயுவை உறிஞ்சிடும். முழிச்சிருக்கிற நேரத்துல மணிக்கொரு தடவை வீட்டுக்குள்ளயே 5 நிமிஷம் நடக்க விடுங்க. கால்ல ரத்தம் கட்டாம இருக்கவும் அந்த நடைதான் வேணும். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், வயித்துக் காயத்து மேல வேண்டாம்.

நெஞ்சை அமுக்குற மாதிரி இருந்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனாலோ 108-ஐக் கூப்பிடுங்க. அதை வாயுன்னு நினைச்சு உட்கார்ந்திருக்கக் கூடாது.

திருமங்கலம்: 10 நாளைக்குத் தண்ணி படக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. எப்போ குளிக்கலாம்?

உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லலைன்னா 48 மணி நேரம் கழிச்சுக் குளிக்கலாம். சோப்புத் தண்ணி காயத்து மேல வழிஞ்சு ஓடட்டும், தேய்க்காதீங்க. சுத்தமான துண்டால ஒத்தி எடுங்க. தொப்புள் காயத்துலதான் ஈரம் தங்கும், அங்க நல்லாக் காயவிடுங்க. மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வைக்காதீங்க. காயம் முழுசா மூடுற வரைக்கும் கிணறு, கம்மாய் பக்கம் போக வேண்டாம்.

மேலூர்: அறுப்பு வருது. மூட்டை தூக்கலாமா?

முதல் 4 வாரம் 5 கிலோவுக்கு மேல எதுவும் வேண்டாம். பெண்களும் கவனிங்க: நிறைஞ்ச ஒரு குடம் தண்ணியே 12 கிலோவுக்குக் குறையாது. வெளித்தோல் ஒரு வாரத்துல ஒட்டிரும், உள்ள இருக்கிற சதை உறை ஒட்ட நாளாகும். அதுக்குள்ள மூச்சடக்கித் தூக்கினா தொப்புள் பக்கம் குடலிறக்கம் வரலாம். அதுக்கு இன்னொரு ஆபரேஷன் ஆகும். நெல் மூட்டைக்கு 6 வாரம் போகட்டும், அப்பவும் டாக்டர்கிட்ட காட்டிட்டு. வயித்தைத் திறந்து செய்தவங்களுக்கு இன்னும் கூடுதல் காலம் வேணும். படுக்கையில இருந்து நேரா எழும்பாதீங்க. ஒருக்களிச்சு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்க. இருமும்போது தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிங்க.

அண்ணா நகர்: இனிமே எண்ணெயே கூடாதா? பரோட்டா சால்னா, கறி தோசை எல்லாம் அவ்வளவுதானா?

அப்படி இல்லை. பித்தநீரைச் சுரக்கிறது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும். பித்தப்பை அதைக் கெட்டியாக்கிச் சேர்த்து வைக்கிற இடம்தான், கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. இப்போ அந்தச் சேமிப்பு இல்லை. பித்தநீர் சொட்டுச் சொட்டா குடலுக்கு நேரா வந்துக்கிட்டே இருக்கும். ஒரே நேரத்துல நிறையக் கொழுப்பு இறங்கினா அதைக் கரைக்கப் போதாது. வயிறு உப்பும், எண்ணெய் மிதக்கிற மாதிரி வெளிக்குப் போகும்.

முதல் ஒரு வாரம் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், குழைஞ்ச பருப்பு, மோர். அஞ்சு வேளையாப் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டாவது வாரம் ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்ல தாளிச்சது, ஆவியில வேகவெச்ச மீன், தோல் எடுத்த கோழி. பிறகு ஒவ்வொரு அயிட்டமா, ரெண்டு நாள் இடைவெளி விட்டுச் சேருங்க. எது ஒத்துக்கலைன்னு அப்போதான் தெரியும். கறி தோசை ஒரு மாசம் கழிச்சு அரை தோசையில ஆரம்பிக்கட்டும். சால்னா மேல மிதக்கிற எண்ணெயை ஒதுக்கிடுங்க. காபி குடிச்ச உடனே ஓட வேண்டியிருந்தா காபியைக் குறைங்க. ஒரு மாசம் தாண்டியும் தண்ணியாவே போனா, பித்தநீரைப் பிடிச்சு வெளியேத்துற மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க.

ஒத்தக்கடை: மீன் கோழின்னு சொல்றீங்களே சிஸ்டர், சீழ் பிடிக்காதா? முட்டையே ஆகாதுன்னுதான் ஊர்ல சொல்வாங்க.

சீழ் கிருமியால வருது, முட்டையால இல்லை. காயம் கூடுறதுக்குப் புரதம் வேணும். முட்டை வெள்ளைக்கரு, பருப்பு, மீன்ல அது இருக்கு.

ஒத்தக்கடை: பெரியவங்க பத்தியம் எல்லாம் சும்மாவா?

சிம்மக்கல்: கருவாடும் கத்திரிக்காயும் தின்னா தையல் அரிக்குது, அது உண்மைதானே?

உங்களுக்கு எப்பவுமே கத்திரிக்காய் அரிப்புன்னா இப்பவும் விடுங்க. மத்தவங்களுக்கு அந்தத் தடை வேண்டாம். எண்ணெய், காரம் குறைக்கிற பத்தியம் நல்ல பத்தியம், அதை நானும் சொல்றேன். வெறும் கஞ்சியும் பிரெட்டும் கொடுத்து 15 நாள் படுக்கப் போடுற பத்தியத்துலதான் உடம்பு வத்திப்போய் காயம் ஆறாமக் கிடக்கும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்தக் கஞ்சியே சர்க்கரையை ஏத்தும், அப்போ சீழ் சுலபமாப் பிடிக்கும். பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

ஒத்தக்கடை: சரி, அப்போ தயிர்?

சாப்பிடலாம். பத்தியம் பத்தி இதோட முடிச்சுக்கலாம், மத்தவங்க காத்திருக்காங்க.

பழங்காநத்தம்: தோள்பட்டை வலி சாதாரணமா?

செல்லூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

அவனியாபுரம்: வலிக்கு டோலோ சேர்த்துப் போடலாமா?

டிஸ்சார்ஜ்ல கொடுத்த அட்டையைத் திருப்பிப் பாருங்க. டோலோங்கிறது பாரசிட்டமால்தான், பல வலி மாத்திரையில அது ஏற்கெனவே கலந்திருக்கும். மேல ஒண்ணு போட்டா அளவு இரட்டிப்பாகும், கல்லீரல் தாங்காது. டிரமடால்ங்கிற கடுமையான வலி மருந்து கலந்ததுன்னா மலச்சிக்கலும் தூக்கமும் வரும். அதைப் போடுற நாள்ல பைக் ஓட்டக் கூடாது.

வாடிப்பட்டி: கல் திரும்ப வராம இருக்க வாழைத்தண்டு சாறு?

வாழைத்தண்டு பேச்சு சிறுநீரகக் கல்லுக்கு. இது வேற கல், வேற பாதை. பை போயிட்டாலும் பித்தக்குழாய்ல கல் தங்கியிருக்கலாம். கண் மஞ்சளானா சாறு தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க.

கூடல் நகர்: தோள்பட்டை வலி...

மேலே இருக்கு. தயவுசெய்து படிச்சுட்டுக் கேளுங்க.

உசிலம்பட்டி: அப்பாவுக்கு இன்னைக்கு 6-ஆம் நாள். நல்லாத்தான் இருந்தார். ராத்திரியில இருந்து காய்ச்சல் 101, வயித்து வலி கூடுது, மூத்திரம் அடர் மஞ்சள். கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கவா?

வேண்டாம். இப்பவே கிளம்புங்க. வலி நாளுக்கு நாள் குறையணும். குறைஞ்ச வலி திரும்பக் கூடினா உள்ள பித்தநீர் கசியலாம், இல்லை குழாய்ல கல் அடைச்சிருக்கலாம். ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கே போங்க. தூரம்னா பக்கத்துல எந்த அவசரப் பிரிவு இருக்கோ அங்க போங்க. வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிற எண்டாஸ்கோப்பி தேவைப்படலாம், அதனால சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே பையில எடுத்துக்கங்க. காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

தல்லாகுளம்: பயாப்சி ரிப்போர்ட் வாங்கலை. அவசியமா?

அவசியம். அரிதா சிலருக்கு, எடுத்த பையில கல்லோட சேர்ந்து புற்றும் இருக்கும், அது அந்தப் பரிசோதனையிலதான் தெரியவரும். தையல் காட்ட வரும்போது கேட்டு வாங்கி, டாக்டர்கிட்டயே காட்டுங்க.