புது சப்வூஃபர் (பேஸ் எனும் அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர் பெட்டி): சில பாட்டுக்கு வீடே அதிர்கிறது, சிலதுக்கு இருப்பதே தெரியவில்லை. ஹால் 12க்கு 10 அடி. எந்தக் குமிழை எங்கே வைக்க வேண்டும்?

குமிழ்களை அப்புறம் பார்ப்போம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் பெட்டி வைத்த இடத்தின் கோளாறு. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள அறையில் பேஸ் வெளியே கசியாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். 12 அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு), 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ்: ஒத்ததிர்வு (அறையே ஒரு சுரத்தைப் பெருக்குவது) முதலில் விழுவது இங்கேதான். கூரையும் 10 அடி உயரமென்றால் 56இல் இரட்டை இடி. அந்தச் சுரம் வரும் பாட்டு சுவரோரம் முழங்கும், அறை நடுவில் காணாமல் போகும். கெயினை (சப்பின் சத்த அளவுக் குமிழை) எவ்வளவு திருகினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

சோபாவை நகர்த்திவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். பேஸ் கிட்டார் மேலும் கீழும் ஓடுகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, பெட்டி வைக்கத் தோதான இடங்களில் தரையோடு குனிந்து கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கே எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ அங்கேதான் பெட்டி. மூலையில் சத்தம் கூடும், முழக்கமும் கூடும். போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள்.

ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின்) சப் அவுட்டிலிருந்து சப்பின் எல்எஃப்இ இன்புட்டுக்கு (பேஸுக்கான நேரடி உள்ளீடு) ஒரு ஆர்சிஏ கேபிள் போதும். லைன் இன் மட்டும்தான் இருக்கிறதா? சப்பின் கிராஸ்ஓவர் குமிழை (எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்ட வேண்டும் என்பதை வைப்பது) கடைசி வரை ஏற்றிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ரிசீவரும் 80இல் வெட்டி, சப்பும் 80இல் வெட்டினால் அந்த இடத்தில் குழி விழும், ஆண் குரல் சோகையாகிவிடும். ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி (அவற்றின் பேஸைச் சப்புக்கு அனுப்பும் அமைப்பு) 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். கையடக்க ஸ்பீக்கர்கள் என்றால் 100 முதல் 120.

கெயினைப் பாதியில் வைத்து, மைக் கொண்டு ரிசீவரின் ஆட்டோ செட்டப்பை (ஸ்பீக்கர்களின் அளவையும் தூரத்தையும் அதுவே அளந்து வைப்பது) ஓட்டுங்கள். சப் லெவல் மைனஸ் 10க்கும் கீழே போனால் கெயின் அதிகம். குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சப்பின் தூரம் டேப் அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம், சப்பின் உள்ளே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்த கணக்கு அது.

ஃபேஸுக்கு (சப்பும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒன்றாக அதிர்கின்றனவா என்பதற்கு) 80 ஹெர்ட்ஸ் டோன். நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் 0, 180 என்று மாற்றட்டும். சத்தம் கூடுகிற பக்கம் சரி.

குறைந்த சத்தத்தில் சப் தூங்கிப்போனால் ரிசீவரில் சப் லெவலைக் கூட்டி, அதே அளவு கெயினைக் குறையுங்கள். 'ம்ம்' என்று இரைந்தால் டிவிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்; நின்றுவிட்டால் எர்த் லூப் (இரண்டு எர்த் பாதைகள் இணைவதால் வரும் இரைச்சல்). அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஷாக் அடிக்கும். கேபிள் ஒயரில் ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு இணைப்பி) போட்டால் தீரும்.