வீட்டில் கார் வேலை பார்க்கத் தனிக் கருவிகள் வாங்கலாமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு காரின் சில்லறை வேலைகளை நாமே செய்ய, ஒரே வேலைக்கு உதவும் கருவிகளில் காசு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றில் தாராளமாகப் போடலாம். சிலவற்றைத் தொடவே கூடாது.

முதலில் மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்கும் கருவி. நம்மூர் வெக்கையில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால், பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்னேற்றும் பாகம்) நலம். கார்ப்பேட்டையில் (கார் நிறுத்துமிடத்தில்) நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்து டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு இறுக்கத்தில் நட்டை முடுக்கும் கருவி. சக்கர நட்டுகள் பல கார்களுக்கு 100 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் இருக்கும். அதற்கு அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் முனை), 40–200 நியூட்டன் மீட்டர் அளவு போதும். அதைக் கொண்டே ஆயில் டிரெயின் போல்ட்டை (இன்ஜின் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) முடுக்காதீர்கள். பலவற்றுக்கு 40-க்குள்தான் தேவை, அடிமட்ட அளவில் ரெஞ்ச் துல்லியமாக இருக்காது, அலுமினிய ஆயில் பேனின் மரை வழுக்கிவிடும். நட்டைக் கழற்றவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள்.

பலர் தடுக்கி விழுவது பின் பிரேக்கில். தேய்ந்த பிரேக் பேடை மாற்றும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன் காலிப்பரில் (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்) அதைச் சி-கிளாம்ப் என்ற திருகுப் பிடிப்பானால் நேராக அழுத்தினால் போகும். ஹேண்ட்பிரேக் கேபிள் காலிப்பரிலேயே மாட்டியிருந்தால் பின் பிஸ்டன் உள்ளே மரையில் உட்கார்ந்திருக்கும். சுழற்றிக்கொண்டே அழுத்த வேண்டும். கிளாம்ப்பால் நெருக்கினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் உடையும், காலிப்பரே போச்சு. இதற்கான சுழற்றும் கருவி செட் காலிப்பரை விட எவ்வளவோ மலிவு. பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை. கடைசியில் பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளம் பேடின் பின்புறக் குமிழோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பேட் ஒருபக்கமாகத் தேயும். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் எண்ணெய் தொட்டியில் மேலேறும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும், எனவே முதலிலேயே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள்.

பொத்தானில் இயங்கும் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றால் இந்தச் செட் மட்டும் போதாது. ஸ்கேனரிலோ (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) கார் மெனுவிலோ சர்வீஸ் நிலைக்கு மாற்றிய பிறகே தொடலாம். பிரேக் வேலையைச் சமதளத்தில், தூக்கிய காரைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் போட்டுத்தான் செய்ய வேண்டும். தரைவீட்டு முற்றம் இருப்பவர்களுக்குச் சரி, கார்ப்பேட்டையில் வேண்டாம்.

ஷாக் அப்ஸார்பர் மாற்றுவதற்காக ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். மலிவுக் கொக்கி நழுவினால் அமுங்கிய ஸ்பிரிங் முகத்தில் பாயும். அந்த வேலையைப் பணிமனையிடம் விட்டுவிடுங்கள்.