ஜெபல் அலியில் இம்போர்ட் சூப்பர்வைசர் வேலை: 6,500 திர்ஹாம் போதுமா?

தம்பி,

நீ கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பி.காம். முடித்துவிட்டு மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் ஆறு வருஷமாக இம்போர்ட் பார்க்கிறாய். சுங்கத் துறைத் தேர்வில் தேறினால் கிடைக்கும் ஜி கார்டு இருக்கிறது. மாதம் 32,000 ரூபாய் வருகிறது. இப்போது துபாயின் ஜெபல் அலி துறைமுகப் பகுதியில் ஒரு கம்பெனி உன்னை இம்போர்ட் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறது, எல்லாம் சேர்த்து 6,500 திர்ஹாம் என்கிறார்கள். இது நியாயமான சம்பளமா, அங்கே இந்த வேலைக்கு எவ்வளவு கிடைக்கும், எதைப் பொறுத்து ஏறும் இறங்கும் என்பது உன் கேள்வி. நான் லீவில் திருவொற்றியூர் வந்திருக்கிறேன், நேரம் இருக்கிறது. போனில் அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தொகை. துபாயில் நான் பார்த்த வரைக்கும் டாக்குமென்டேஷன் கிளார்க், இம்போர்ட் கோஆர்டினேட்டர் என்று வருகிறவர்களுக்கு 3,500 முதல் 5,000 திர்ஹாம். சூப்பர்வைசர் என்றால் 6,000-ல் ஆரம்பித்து 9,000, நல்ல இடமாக அமைந்தால் 10,000. மேனேஜர்கள் 12,000-க்கு மேல். ஆக, உனக்குச் சொல்லும் 6,500 கீழ்ப்படிதான். ஆனாலும் வளைகுடா அனுபவம் இல்லாமல் முதல்முறை வருகிற ஒருவருக்கு அது மோசமில்லை. நான் 2011-ல் வந்தபோது 3,000 திர்ஹாமுக்குக் கிளார்க்காகத்தான் வந்தேன்.

ஒரு திர்ஹாம் சுமார் 24 ரூபாய். 6,500-ஐப் பெருக்கினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. வீட்டில் எல்லோரும் இந்தப் பெருக்கலைத்தான் பார்ப்பார்கள். நீ அதை ஓரமாக வை. செலவும் திர்ஹாமில்தான் நடக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

பதவிப் பெயரை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. ஒரு டிரேடிங் கம்பெனியில் இம்போர்ட் சூப்பர்வைசர் என்றால் ஒரே ஆள். மாதம் பத்துப் பதினைந்து கண்டெய்னர், கிளியரிங் ஏஜென்டுக்குப் பேப்பர் அனுப்புவது, போன் போட்டு விரட்டுவது, அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் அவருக்குக் கீழே ஆறு பேர் இருப்பார்கள். கப்பல் சரக்கு ஒரு பக்கம், ஏர் கார்கோ ஒரு பக்கம், வரிக் கணக்கு, கப்பல் கம்பெனிக்காரர்களோடு ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாமல் கண்டெய்னரை வைத்திருக்கும் நாட்கள்) பேரம், வேர்ஹவுசில் இறக்குகிற வரைக்கும் அவர் பொறுப்பு. விசாவில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் இருக்கும், சம்பளம் மட்டும் எட்டாத தூரத்தில் இருக்கும். அதனால் கம்பெனியிடம் கேள்: மாதம் எத்தனை கண்டெய்னர், எனக்குக் கீழே எத்தனை பேர், டெமரேஜ் (சரக்கை நேரத்துக்கு எடுக்காததற்கு ஏறும் நாள் வாடகை) விழுந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு "நீதான்" என்று பதில் வந்தால் 6,500 குறைவு.

டெமரேஜ் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு, சுங்கத்துக்குத் தரும் பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் இங்கே தாமதக் கட்டணமாக முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000 என்று கட்டிப் பார்த்தவன் நீ. கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்து பிசகியதற்காக ஐ.ஜி.எம். (கப்பலின் சரக்குப் பட்டியல்) திருத்தம் என்று ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் மாடியை எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாய்! அங்கே எல்லாம் கணினியில் நடக்கிறது. சரக்கை எடுக்க வேண்டிய டெலிவரி ஆர்டரும் ட்ரெய்லர் துறைமுகத்துக்குள் போவதற்கான ஈ-டோக்கனும் ஆன்லைன்தான். ஓட்டம் குறைவு. ஆனால் பேப்பரில் இருக்கும் தப்பு அங்கேயும் அதே தப்புதான், அதற்கு நாள் வாடகை திர்ஹாமில் ஏறும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது என் மேஜையில் அடிக்கடி வருவது. சென்னையிலிருந்து ஊறுகாய், அப்பளம், மசாலாப் பொடி கலந்து ஒரு 20 அடி கண்டெய்னர் ஜெபல் அலிக்கு வருகிறது. துபாய் முனிசிபாலிட்டியின் உணவுப் பிரிவு பார்க்காமல் வெளியே போகாது. பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். அரபியில் பொருளின் பெயர் இருக்கிறதா, சேர்மானம் இருக்கிறதா, தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறதா. அரபி விவரத்தை ஸ்டிக்கராக ஒட்டலாம், தேதியை ஸ்டிக்கரில் ஒட்ட முடியாது. மாங்காய், எலுமிச்சை, பூண்டு எல்லாம் சரியாக இருந்து, ஆவக்காயில் மட்டும் முனிசிபாலிட்டியில் பதிவு செய்த லேபிள் ஒன்று, பாட்டிலில் இருப்பது வேறு என்றால் அந்த ஆவக்காய் நிற்கும். அதைத் தனியாகப் பிரித்து வைக்க ஆள் கூலி, இடத்துக்கு வாடகை, கடைசியில் அழிக்கவோ திருப்பி அனுப்பவோ செலவு.

சரக்கு வந்து சேர்ந்தபின் இதற்காக அலைகிற ஆளுக்கு 5,000 கொடுப்பார்கள். ஏற்றுவதற்கு முன்பே சப்ளையரிடம் ஒவ்வொரு பாட்டிலின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பதிவோடு ஒப்பிட்டு, "ஆவக்காயை இந்தக் கப்பலில் ஏற்றாதே" என்று சொல்கிறவருக்கு 9,000 கொடுக்கத் தயங்க மாட்டார்கள். உன் மண்ணடி அனுபவம் பயன்படுவது இங்கேதான். நீ இந்தப் பக்கத்துப் பழக்கம் தெரிந்தவன். பேக்கிங் லிஸ்டை எப்படி அவசரத்தில் தட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று, இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம். 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுவாக அங்கே சுங்க வரி சி.ஐ.எஃப். மதிப்பில் (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கூலி சேர்ந்தது) 5 சதவீதம். 2 லட்சம் திர்ஹாம் சரக்குக்கு 10,000. ஒப்பந்தத்தில் வரி நீக்கிய சரக்காக இருந்து, சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் ஆரிஜின் சர்டிபிகேட் சரியாக வந்தால் அந்த 10,000 மிச்சம். உனக்குத் தருவதாகச் சொல்லும் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம், ஒரே கண்டெய்னரில். சர்டிபிகேட்டில் ஒரு எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் எண்), இன்வாய்சில் வேறு கோடு என்றால் சலுகை சிக்கலாகிவிடும். எச்.எஸ். கோடில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். இங்கே நாம் எட்டு இலக்கம் போடுகிறோம், வளைகுடா நாடுகள் 2025-ல் பன்னிரண்டுக்குப் போய்விட்டன. நீ இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன் கம்பெனி கொண்டுவரும் சரக்குக்கு மட்டுமாவது படித்துவிட்டு இன்டர்வியூவில் பேசு. ஜி கார்டுக்கு அங்கே சட்டப்படி மதிப்பு கிடையாது. ஆனால் அதற்காகப் படித்த கிளாசிபிகேஷனும் வேல்யுவேஷனும் (சரக்கை வகைப்படுத்துவது, மதிப்பிடுவது) பேச்சில் தெரிந்தால், ஆள் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

துறையைப் பொறுத்தும் சம்பளம் மாறும். மருந்து, ஆயில்ஃபீல்டு சாமான், அபாயகரமான ரசாயனம் பார்க்கிறவர்களுக்குக் கூடுதல். பர்னிச்சர், பொதுச் சரக்கு என்றால் குறைவு. பர்மிட் எத்தனை பேரிடம் வாங்க வேண்டியிருக்கிறதோ அந்த அளவுக்கு ஆளின் அருமை தெரியும்.

இப்போது நீ கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: பேசிக், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம். 6,500 எப்படிப் பிரிந்திருக்கிறது? பேசிக் எவ்வளவு, வீட்டு அலவன்ஸ் எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு? கிராஜுவிட்டி பேசிக்கில்தான் கணக்கு. முதல் ஐந்து வருஷம் வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதன்பின் வருஷத்துக்கு 30 நாள். பேசிக் 2,600 என்று போட்டால், மாதத்தை 30 நாளாக வைத்து, ஐந்து வருஷத்தில் 9,100 திர்ஹாம் வரும். அதே 6,500-க்குள் பேசிக் 3,900 என்று போட்டால் 13,650. வித்தியாசம் 4,550 திர்ஹாம், நம் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். மாதச் சம்பளம் ஒரு திர்ஹாம்கூட மாறவில்லை, காகிதத்தில் பிரித்த விதம்தான் வேறு. வேலையை விடும்போது மீதமிருக்கும் லீவுக்குத் தரும் பணமும் பேசிக்கில்தான். வேலை போனால் மூன்று மாதம் வரை வருகிற காப்பீட்டுத் தொகையும் பேசிக்கில் 60 சதவீதம்தான். நம் பையன்கள் மொத்தத் தொகைக்காக மூன்று நாள் பேரம் பேசிவிட்டு, பேசிக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. முதலாளி 6,500-க்கு மேல் ஏற மாட்டேன் என்றால் ஏற வேண்டாம். பேசிக்கை 60 சதவீதமாக வைக்கச் சொல்லிக் கேள். அவருக்கு அந்த மாதம் கையை விட்டு எதுவும் போவதில்லை என்பதால் பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

ஓவர்டைமும் இதோடு சேர்ந்தது. சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு 25 சதவீதம், இரவு பத்து முதல் காலை நான்கு வரைக்கும் 50 சதவீதம் அதிகம் தர வேண்டும், அதுவும் பேசிக் கணக்கில். ஆனால் முதலாளியின் அதிகாரத்தோடு மேற்பார்வை பார்க்கிற பதவிக்கு இந்த நேரக் கட்டுப்பாடு பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் காட்டி, யாரையும் வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ அதிகாரமில்லாத சூப்பர்வைசருக்கும் ஓவர்டைம் தராத கம்பெனிகள் உண்டு. கப்பல் சனி, ஞாயிறு பார்த்து வருவதில்லை. பீக் சீசனில் கோஆர்டினேட்டர் ஓவர்டைமோடு சூப்பர்வைசர் சம்பளத்தை நெருங்கிவிடுவார். எனவே ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதை மெயிலில் எழுதி வாங்கு. இல்லையென்றால் மொத்தத்தில் 500 சேர்த்துக் கேட்பதில் தப்பில்லை.

மொழி. அரபி தெரியாமல் சமாளிக்கலாம். இந்தி தெரியாமல் கஷ்டம். ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாகிஸ்தான்காரர்கள், பட்டாண்கள். ஆபீசில் பாதிப்பேர் மலையாளிகள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் ட்ரெய்லர் வரிசை நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, டிரைவரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று யாரும் உனக்குச் சொல்லித் தர வேண்டாம். அதை இந்தியில் சொல்லத் தெரிந்தால் போதும். அப்புறம் டிரைவிங் லைசென்ஸ். நம் ஊர் லைசென்சை அங்கே மாற்றித் தர மாட்டார்கள், வகுப்பு, டெஸ்ட் என்று சில ஆயிரம் திர்ஹாம் செலவாகும். இருந்தாலும் முதல் வருஷமே எடுத்துவிடு. போர்ட், ஏர்போர்ட் கார்கோ, வேர்ஹவுஸ் என்று தானே போய்வரும் ஆளுக்கு அடுத்த கம்பெனியில் ஆயிரம் கூடக் கேட்கலாம்.

செலவுக்கு வருகிறேன். தனியாக வந்தால் டிஸ்கவரி கார்டன்ஸ் பக்கம் பெட் ஸ்பேஸ் (பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில்) சுமார் 1,000, சாப்பாடு, போன், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 2,500-க்குள் முடிக்கலாம். 4,000 ஊருக்கு வரும், 96,000 ரூபாய். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றாய். பேமிலி விசாவுக்கு 4,000 திர்ஹாம் சம்பளம் இருந்தால் போதும் என்பது சட்டம். குடும்பம் நடத்த அது போதாது. 6,500-ல் தனி ஸ்டூடியோ எடுத்து இரண்டு பேர் வாழ்ந்தால் மாதக் கடைசியில் மிஞ்சுவது இங்கே மண்ணடியில் மிஞ்சுவதைவிடப் பெரிதாக இருக்காது. பெண் வீட்டாரிடம் இதை முன்கூட்டியே, வெளிப்படையாகச் சொல்லிவிடு.

ஏஜென்ட் விஷயத்தில் உறுதியாக இரு. விசா, வேலைக்கு எடுக்கும் செலவு எல்லாம் கம்பெனியுடையது. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் கொடு, விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. புரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் அங்கேயே வேறு கம்பெனிக்குத் தாவினால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு எடுத்த செலவைக் கொடுக்க வேண்டியிருக்கும். வந்த இரண்டாம் மாதமே மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் கிளம்பாதே.

நான் உன் இடத்தில் இருந்தால் 7,000, பேசிக் 4,200, வருஷம் ஒரு டிக்கெட் என்று கேட்டிருப்பேன். 6,500-லேயே நின்றாலும் பேசிக் 3,900 கிடைத்தால் போவேன். பேசிக் 2,600-தான், ஓவர்டைமும் கிடையாது, டெமரேஜுக்கும் நீதான் பதில் என்றால் மண்ணடியிலேயே இன்னும் ஆறு மாதம் இருந்து வேறு ஆஃபர் பார்ப்பது மேல்.

டிகிரி சர்டிபிகேட் அட்டெஸ்டேஷனை இப்போதே தொடங்கிவிடு, அதற்கு நாள் பிடிக்கும். நான் இந்த மாதக் கடைசி வரை ஊரில்தான் இருப்பேன். ஆஃபர் லெட்டர் வந்ததும் தேரடி பக்கம் எடுத்துக்கொண்டு வா. வரி வரியாகச் சேர்ந்து படித்துவிட்டு, கம்பெனிக்கு எழுத வேண்டிய பதிலையும் அங்கேயே உட்கார்ந்து அடித்து அனுப்பிவிடலாம்.