ரெஸ்டாரன்ட் ஹோஸ்ட் வேலைன்னா வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்றது மட்டும்தானா?

இல்லங்க. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலை கடையில 2 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்து பாருங்க, 8 பேர் குடும்பம் பாட்டியோட வெயில்ல நிக்கும், உள்ள எந்த டேபிள் காலியாகும்னு நாமதான் கணிக்கணும். நான் இலையத்தான் பாப்பேன், ரசம் ஊத்தியாச்சா, மோர் வந்துச்சா, இலைய மடிச்சாச்சுன்னா டேபிள் ரெடி. பாட்டிக்கு மட்டும் மொதல்ல ஒரு நாற்காலி போட்டுருங்க, அது ரொம்ப முக்கியம், பாதி கோவம் அங்கயே அடங்கிரும். கால் வலி உண்டு, நல்ல ஷூ வாங்குங்க. குறைஞ்சபட்ச சம்பளம் 2025லேருந்து 1,700 ரிங்கிட், வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல போனா ஓவர்டைம் கேளுங்க, கூச்சப்படாதீங்க.