லூபஸ்: எந்தச் செல் தடம் மாறுகிறது?

அக்கா, எனக்கு லூபஸ். வெள்ளையணு குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை சாப்பிடலாமா?

வேண்டாம் அம்மா. லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். அதில் ஆன்டிபாடிகள் (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதங்கள்) வெள்ளையணுக்களையே தாக்குவதால்தான் பல நேரம் அந்த எண்ணிக்கை இறங்குகிறது. மிச்சமிருப்பவை அடங்கி இருக்கவில்லை, அளவுக்கு மீறி முடுக்கிவிடப்பட்டிருக்கின்றன. எக்கினேசியா மூலிகை, அல்ஃபால்ஃபா முளை இரண்டையும் கட்டாயம் தவிருங்கள். நோயைக் கிளறிவிடக் கூடியவை.

கோளாறு பி செல்லிலா, டி செல்லிலா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டுமே வெள்ளையணு வகைகள். ஆன்டிபாடியைச் செய்வது பி செல். அதைத் தூண்டிவிடுவது ஒரு வகை உதவி டி செல். சிஎக்ஸ்சிஎல்13 என்ற வேதிப்பொருளைச் சுரந்து பி செல்களைத் தன் பக்கம் இழுக்கும். லூபஸில் இந்த டி செல்கள் பெருகிவிடுகின்றன. திசுக்கள் ஆற உதவும், ஐஎல்-22 என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் டி செல்களோ குறைந்துபோகின்றன.

ஏன் இப்படிச் சாய்கிறது? 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதற்கு ஒரு பதில் சொன்னது. வைரஸ் வந்தால் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் மிகுந்தால் ஏஎச்ஆர் என்ற புரதத்தின் வேலை முடங்குகிறது, அதனால்தான் இந்தச் சாய்வு. ஆய்வகத்தில் ஏஎச்ஆரைத் தூண்டியதும் டி செல்கள் ஐஎல்-22 பக்கம் திரும்பின. அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்தேன். மொத்த எதிர்ப்பையும் அமுக்காமல் சாய்ந்த தட்டை மட்டும் நிமிர்த்த வழி பிறக்கலாம் அல்லவா! ஆனால் அது ஆய்வகத்துச் செல்களில் பார்த்தது, நோயாளிக்குக் கொடுத்த மருந்து இல்லை.

வெயிலில் போனால் ஏன் கூடுகிறது?

புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் சாகின்றன. அவற்றின் டிஎன்ஏ சரியாக அப்புறப்படுத்தப்படாமல் கிடந்தால், உடம்பு அதை வைரஸ் என்று எண்ணி இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அப்புறம் மேலே சொன்ன சங்கிலிதான்.

ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் லூபஸ்தானா?

ஏஎன்ஏ என்பது செல்லின் உட்கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான பலருக்கும் பாசிட்டிவ் வரும்.

கார்-டி சிகிச்சை?

ஜெர்மனியின் எர்லாங்கனில் 5 பேருக்குச் செய்து 2022இல் வெளியிட்டார்கள். நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்து, பி செல்களை அழிக்கவிட்டார்கள். 5 பேருக்கும் நோய் அடங்கியது. சில மாதங்களில் புது பி செல்கள் வந்தபோதும், அவர்கள் கண்காணித்த காலம்வரை நோய் திரும்பவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறேன். லூபஸுக்காகச் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தலாமா?

நன்றாக இருப்பதே அதனால்தான் இருக்கலாம். செத்த செல்லின் டிஎன்ஏ, ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7, டிஎல்ஆர்9 உணர்விகளை அது மட்டுப்படுத்துகிறது, இன்டர்ஃபெரான் குறைகிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இந்த மருந்து கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.